எடை குறைப்பு அறுவை சிகிச்சையில் என்னென்ன ஆபத்துகள்? அவற்றைக் குறைக்க என்ன செய்யலாம்?

கேள்வியைப் பார்த்தால் உங்களுக்குத் தேதி குறித்தாகிவிட்டது, தூக்கம் போய்விட்டது என்று தோன்றுகிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நான் ஸ்லீவ் செய்துகொண்டவன். இரைப்பையில் முக்கால் பங்குக்குமேல் எடுத்துவிட்டு, மீதியை ஸ்டேப்ளர் போட்டுக் குழாய் மாதிரி ஆக்கிவிடுவார்கள். நான் மருத்துவன் இல்லை, பட்டவன். 'பயமுறுத்துகிறான்' என்று சண்டைக்கு வரப்போகிறவர்களுக்கு: இன்றைக்குக் கேட்டாலும் செய்துகொள்வேன்.

ஆரம்ப நாட்களில் பயப்பட வேண்டியவை ரத்தக்கசிவு, ஸ்டேப்ளர் போட்ட இடம் ஒழுகுவது, காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போவது. புகை பிடிப்பவர் என்றால் பல வாரம் முன்பே நிறுத்துங்கள். பலத்த குறட்டை உண்டென்றால் மறைக்காதீர்கள்; தூக்கத்தில் மூச்சு நிற்கிறவருக்கு மயக்க மருந்து வம்பு. முன்கூட்டி இரண்டு வாரம் அரைப்பட்டினி போடுவார்கள், அதில் திருட்டுத்தனம் வேண்டாம். கல்லீரல் சுருங்கினால்தான் இரைப்பையை எட்ட இடம் கிடைக்கும். அன்றே எழுந்து நடக்கச் சொன்னால் நடங்கள். வீட்டுக்கு வந்தபின் நாடி 120ஐத் தாண்டினாலோ, காய்ச்சலோ மூச்சிரைப்போ வந்தாலோ, 'விடியட்டும் பார்க்கலாம்' என்று இருக்கக் கூடாது.

நான் மாட்டிக்கொண்டது இதில் எதிலும் இல்லை. எல்லாம் நல்லபடியாகப் போனது, எடை இறங்கியது. எட்டாம் மாதம் சத்து மாத்திரைகளை நானாக நிறுத்தினேன். நன்றாகத்தானே இருக்கிறோம் என்ற திமிர்தான். மூன்றாம் வருடம் ஒருநாள் தெருவில் போகிறேன், பின்னால் ஒரு பையன் "சார், உங்க செருப்பு!" என்று கத்தினான். இருபதடி தள்ளிக் கிடந்தது. ஒரு கால் வெறுங்காலாகவே நடந்து வந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

வைட்டமின் பி12 குறைவு. அதில்தான் கால் மரத்துப்போயிருக்கிறது. அந்தச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும் பொருள் சுரப்பதே இரைப்பையில்தான். என்னிடம் மிச்சமிருப்பது கால் இரைப்பை. கல்லீரலில் வருடக்கணக்கில் இருப்பு இருப்பதால், குறைவது வெளியே தெரியவே இவ்வளவு நாள் ஆனது. ஊசிகளில் பெரும்பாலும் சரியாகிவிட்டது. இடது சுண்டுவிரல் மட்டும் இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது.

ஆகவே பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுளுக்கும். இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்காமல் இரண்டு மணி நேரம் விடுங்கள். வாந்தி நாள்கணக்கில் நிற்காவிட்டால் ஓடுங்கள். பி1 தீர்ந்தால் மூளையையே பாதிக்கும். வேகமாக இளைக்கும்போது பித்தப்பையில் கல் சேரும், அதற்குத் தடுப்பு மாத்திரை உண்டா என்று கேட்டுவிடுங்கள். வருடம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. நான் காட்டிய மருத்துவமனையில் 'உடல் பருமன் பிரிவு' என்று பெரிய பலகை. காத்திருக்கும் இடத்தில் அத்தனையும் இரும்புக் கைப்பிடி வைத்த ஒடுங்கிய நாற்காலி. அன்றைக்கு இரண்டு மணி நேரம் சுவரில் சாய்ந்து நின்றேன். இப்போது பரிசோதனைக்குப் போனால் தாராளமாக உட்கார முடிகிறது. அதே நாற்காலிதான். எதிர்ச்சுவரில் இரண்டு பேர் சாய்ந்து நிற்கிறார்கள்.