அயற்சபையோடு உறவை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: நிலாவெளிப் பக்கமாக ஒரு சிறிய சுயாதீன சபையைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். திருகோணமலை நகரில் மாதந்தோறும் நடக்கும் போதகர் ஐக்கியத்துக்குத் தவறாமல் போகிறேன். பாடுகிறோம், ஒருவர் செய்தி கொடுக்கிறார், சாப்பிடுகிறோம், கலைகிறோம். என் மனைவி நோயுற்றிருந்த காலத்தில் அங்கிருந்த ஒருவரிடமும் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சென்ற ஆண்டு எங்கள் சபைக் குடும்பம் ஒன்று பக்கத்துச் சபைக்குப் போய்விட்டது. அன்று முதல் அந்தப் போதகரும் நானும் வீதியில் கண்டால் தலையசைப்பதோடு சரி. மற்றச் சபைகளோடு கலந்தால் இருக்கிற ஆட்களும் போய்விடுவார்கள் என்று எங்கள் மூப்பர்கள் சொல்கிறார்கள். போதகர்களும் சபைகளும் ஒருவரையொருவர் தாங்கும் உறவை எப்படிக் கட்டியெழுப்புவது?

பதில்:

அன்புள்ள போதகர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று துயரங்கள் தனித்தனியே சொல்லப்பட்டிருந்தாலும், அவற்றின் வேர் ஒன்றே என்று கருதுகிறேன். ஐக்கியக் கூட்டத்தில் எவரும் மனந்திறந்து பேசாததற்கும், உங்கள் மூப்பர்கள் அஞ்சுவதற்கும், பக்கத்துப் போதகரோடு பேச்சு அற்றுப்போனதற்கும் காரணம், ஒரு குடும்பம் ஒரு சபையை விட்டு இன்னொரு சபைக்குப் போகும்போது எப்படி நடந்துகொள்வது என்பதில் நம் ஊர்ச் சபைகளிடையே எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒழுங்கு இல்லாமையே. தன் வீட்டு நோயையோ சபையின் கடனையோ வெளியே சொன்னால், "அந்தச் சபையில் ஏதோ பிரச்சினையாம்" என்ற கதை பரவி, அடுத்த மாதம் இரண்டு குடும்பங்கள் குறைந்துவிடும் என்று ஒவ்வொரு போதகரும் உள்ளூர அஞ்சுகிறார். அந்த அச்சம் இருக்கும் வரை கூட்டங்களைப் பெருக்குவதால் பயன் சிறிதே. ஆகவே நீங்கள் கடைசியில் தீர்க்கலாம் என்று எண்ணியிருக்கக்கூடிய அந்தக் குடும்பத்தின் விடயத்திலிருந்தே தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

"ஆடு திருடுகிறார்கள்" என்ற குற்றச்சாட்டு நம் மாவட்டத்தில் மிக எளிதாக வாயில் வருகிறது. ஆனால் இங்கே மக்கள் சபை மாறியதன் வரலாற்றைச் சற்று நிதானமாகப் பார்த்தால், அதில் பெரும்பகுதி திருட்டு அல்ல என்பது விளங்கும். போர்க்காலத்தில் ஊரை விட்டு ஓடியவர்கள், தங்கிய முகாமுக்கு எந்தப் போதகர் வந்தாரோ அவரோடு ஜெபித்தார்கள். 2006 இல் சம்பூர்ப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்தவர்களில் பலர் 2015 இலிருந்துதான் ஊர் திரும்பத் தொடங்கினார்கள். அத்தனை ஆண்டுகள் ஒரு சபையின் மடியில் இருந்தவர்களை, "நீங்கள் முன்பு எங்கள் சபை" என்று மீண்டும் உரிமை கொண்டாடுவது எப்படி நியாயமாகும்? 2004 டிசம்பர் 26 ஆம் திகதிக் கடற்கோளுக்குப் பின் கரையோரக் குடும்பங்கள் புதிய வீட்டுத்திட்டங்களுக்குக் குடியேறியபோதும் இதுவே நடந்தது. கலியாணம், பிள்ளைகளின் பாடசாலை, தொழில் ஆகியனவும் ஆட்களை நகர்த்துகின்றன. இவற்றோடு ஒப்பிடும்போது, ஒரு போதகர் வேண்டுமென்றே வீடு தேடிப் போய் மற்றவரின் விசுவாசியை இழுத்த சம்பவங்கள் குறைவு. ஆயினும் அவை உண்டு, அவை ஆழமான காயத்தை உண்டாக்குகின்றன. பிறர் இட்ட அஸ்திபாரத்தின்மேல் கட்டாதபடி தாம் கவனமாக இருந்ததாகப் பவுல் ரோமர் 15:20 இல் எழுதியிருப்பதை நாம் எல்லோரும் பிரசங்கித்திருக்கிறோம். அதை நம் அயலுக்குப் பொருத்திப் பேசத்தான் தயங்குகிறோம்.

செய்ய வேண்டியது இதுதான். உங்கள் பகுதியிலுள்ள மூன்று நான்கு சபைகளின் போதகர்கள் உட்கார்ந்து, ஒரு குடும்பம் சபை மாறி வந்தால் வரவேற்கும் போதகர் ஒரு வாரத்துக்குள் முந்தைய போதகருக்குத் தொலைபேசியில் தெரிவிப்பது என்றும், அந்தக் குடும்பத்தை ஒருமுறை பழைய போதகரிடம் நேரில் போய் விடைபெற்று வரச் சொல்வது என்றும், மூன்று மாதம் கழியும் வரை பாடகர் குழுவிலோ ஞாயிறு பாடசாலையிலோ பொறுப்பு எதுவும் கொடுப்பதில்லை என்றும் உடன்படுங்கள். பழைய போதகர் தம் பங்குக்கு ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். அது நீண்டதாக இருக்கத் தேவையில்லை: "இந்தக் குடும்பம் இத்தனை ஆண்டு எங்களோடு ஆராதித்தது, தகப்பன் காணிக்கைக் கணக்கைப் பார்த்தார், தாய் பெண்கள் ஜெபக்குழுவில் உதவினார், மூத்த மகள் இவ்வாண்டு சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள், அவளுக்காக ஜெபியுங்கள், இவர்களை உங்கள் பராமரிப்பில் ஒப்புவிக்கிறோம்." இவ்வளவே போதும். பழைய மனத்தாங்கல், பாக்கிக் காணிக்கை, குறை எதுவும் அதில் இடம்பெறக் கூடாது. கெங்கிரேயாச் சபையில் ஊழியம் செய்த பெபேயாளை ரோமாபுரிச் சபைக்குப் பவுல் ஒப்புவித்து எழுதினாரே, ரோமர் 16 இன் தொடக்கத்தில், அந்த வழக்கத்தையே நாம் திரும்பக் கொண்டுவருகிறோம். அப்படியொரு கடிதத்தோடு ஒரு குடும்பம் போய்ச் சேரும்போது, இரண்டு போதகர்களிடையே வழக்கு எழாமல் ஒரு பொதுப் பொறுப்பு உண்டாகிறது.

இதில் ஒரு விலக்கை முன்கூட்டியே எழுதி வையுங்கள். போதகராலோ சபைத் தலைவராலோ துன்புறுத்தப்பட்டதாகச் சொல்லி வருகிற எவரையும் "போய் விடைபெற்று வா" என்று திருப்பி அனுப்பக் கூடாது. பிள்ளை சம்பந்தப்பட்ட முறைப்பாடாக இருந்தால், அது போதகர்கள் தங்களுக்குள் பேசித் தீர்க்கும் காரியம் அன்று. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவிப்பதே கடமை. ஒருவரையொருவர் தாங்குவது என்பது ஒருவரையொருவர் மறைப்பதாக மாறிவிட்டால், அந்த உறவினால் ஆடுகளுக்கு ஆபத்தே விளையும்.

ஞானஸ்நானம் குறித்த முரண்பாடு நிச்சயம் குறுக்கே வரும். மெதடிஸ்த, அங்கிலிக்கன், கத்தோலிக்கத் திருச்சபைகளில் குழந்தையாக ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் உங்கள் சபைக்கு வந்தால் நீங்கள் முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்க விரும்புவீர்கள். அவர்களுக்கோ அது தங்கள் திருச்சடங்கை இல்லை என்று சொல்வதாகத் தோன்றும். 1982 இல் பெரு நாட்டின் லீமா நகரில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் விசுவாசமும் ஒழுங்கும் ஆணைக்குழு ஏற்றுக்கொண்ட ஆவணம், ஞானஸ்நானம் மீண்டும் கொடுக்கப்படலாகாது என்று கூறுகிறது. பெந்தெகொஸ்தே, பப்டிஸ்ட் சபைகள் பலவற்றுக்கு அது இன்றும் உடன்பாடன்று. உலக அளவில் தீராததை நிலாவெளியில் நான்கு போதகர்கள் தீர்க்க முயல வேண்டாம். ஞானஸ்நானம் கொடுப்பதற்கு முன் மற்றப் போதகருக்கு நேரில் சொல்வேன், அவருடைய திருச்சபையைப் பிரசங்கபீடத்திலிருந்து இகழமாட்டேன் என்ற இரண்டு வாக்குறுதிகள் போதும். மறுநாள் காலையில் முகநூலில் படம் பார்த்து அறிந்துகொள்வதுதான் மனிதரைப் பெரிதும் புண்படுத்துகிறது.

இந்த ஒழுங்கு ஓரளவு நிலைபெற்ற பிறகே, உங்கள் மனைவியின் நோயைப் போன்ற காரியங்களைப் பேசக்கூடிய இடம் உருவாகும். அந்த இடம் மாதாந்த ஐக்கியக் கூட்டமாக இராது. அதை விட்டுவிட வேண்டாம், அங்கே முகங்கள் அறிமுகமாகின்றன. ஆனால் முப்பது பேர் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில் எவரும் தம் பலவீனத்தைச் சொல்லமாட்டார். அங்கிருந்து இரண்டு அல்லது மூன்று பேரைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒருவர் உங்களைவிட வயதில் மூத்தவராக இருக்கட்டும். ஒருவர் வேறு திருச்சபை மரபைச் சேர்ந்தவராக இருக்கட்டும். ஒருவராவது உங்கள் அயலில் ஊழியம் செய்யாதவராக இருக்கட்டும், ஏனெனில் அவரிடம் ஆள் போட்டி இல்லை. மூதூரிலிருந்தோ தம்பலகாமத்திலிருந்தோ ஒருவர் வரலாம். பாதை எனப்படும் மிதவைக்கும் லோஞ்சுக்கும் காத்திருந்த காலத்தில் மூதூர்ப் போதகர் ஒருவர் நகரத்துக்கு வந்து அன்றே திரும்புவது சிரமமாக இருந்தது. 2009 இல் கிண்ணியாப் பாலமும், அதன் பின் அதே வீதியிலுள்ள மற்றப் பாலங்களும் திறக்கப்பட்டதனால் அந்தச் சாட்டு இப்போது இல்லை.

இந்தச் சிறு வட்டம் மாதம் ஒருமுறை, திங்கட்கிழமை போன்ற ஓய்வான நாளில், இரண்டு மணி நேரம் கூடினால் போதும். செய்தி வேண்டாம், மைக் வேண்டாம், படம் எடுப்பதும் வேண்டாம். தொலைபேசிகளை அணைத்து வைத்துவிட்டு ஒவ்வொருவரும் இருபது நிமிடம் பேசட்டும்: உடல் எப்படி இருக்கிறது, வீட்டில் எப்படி, பணத்துக்கு என்ன செய்கிறீர்கள், எதைப் பற்றி ஜெபிக்கவே மனம் வரவில்லை. ஒருவர் பேசி முடிக்கும் வரை மற்றவர்கள் புத்தி சொல்லக் கூடாது. நம் ஊழியர்களுக்கு இது மிகக் கடினம். வசனம் நாக்கு நுனியில் நிற்கும். ஆயினும் கேட்டுக்கொண்டிருப்பதே இங்கே ஊழியம். முடிவில் ஒருவருக்காக மற்றவர் பெயர் சொல்லி ஜெபிக்கட்டும். அங்கே பேசியதை வட்ஸ்அப் குழுவில் "ஜெபக் குறிப்பு" என்று போடுவதும் இரகசியத்தை வெளியிடுவதே என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். உறக்கமின்மையோ, உயிர்மேல் வெறுப்போ ஒருவரிடம் தெரிந்தால் ஜெபத்தோடு நிறுத்தாமல் வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் எல்லோர் கையிலும் இருக்கட்டும்.

உங்கள் மனைவிக்கும் இப்படியொரு துணை வேண்டும். போதகரின் மனைவி சபையில் எல்லோருடைய கண்ணீரையும் கேட்கிறார், தம்முடையதைச் சொல்ல அவருக்கு ஆளில்லை. மார்ச் மாத முதல் வெள்ளிக்கிழமை உலக ஜெப நாளைப் பல திருச்சபைகளின் பெண்கள் சேர்ந்து அனுசரிக்கிறார்கள். அதற்கான ஆயத்தக் கூட்டங்களுக்கு அவர் போய் வந்தால், அங்கே பழகியவர்களில் ஒருவரை அவரே தெரிந்துகொள்வார்.

இனி சபைகளைப் பற்றி. மெதடிஸ்த பணியாளரைச் சில ஆண்டுகளில் அத்திருச்சபையின் மகாநாடு இடமாற்றும், பங்குத்தந்தையை ஆயர் இடமாற்றுவார்; நீங்களோ அதே இடத்தில் இருப்பீர்கள். இரண்டு போதகர்களின் நட்பாக மட்டும் உறவு இருந்தால், ஒவ்வொரு இடமாற்றத்திலும் அது முறிந்து நீங்கள் மீண்டும் தனித்துப்போவீர்கள். ஆகவே மூப்பர்களும் சேகரக் குழுவினரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டும், அதற்குச் சேர்ந்து செய்யும் வேலை வேண்டும். சாவீட்டைப்போல் இதற்கு ஏற்ற இடம் வேறில்லை. ஒரு சிறு சபையில் ஒருவர் இறந்தால், பந்தலும் கதிரையும் தேட, பெட்டி தூக்க, சேமக்காலையில் இடம் கேட்டு அலைய, வந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்க ஆட்கள் போதாது. சொந்தச் சேமக்காலை இல்லாத சுயாதீன சபைகளுக்கு அடக்கம் செய்யும் இடமே பெரிய துயரமாகிவிடுவதுண்டு. அந்த நேரத்தில் அயற்சபை இளைஞர் நான்கு பேர் கதிரைகளோடு வந்து நின்றால், அந்தக் குடும்பம் அதை ஆயுளுக்கும் மறக்காது. உங்கள் சபை முதலில் அப்படிப் போய் நிற்கட்டும். அழைப்பை எதிர்பார்க்க வேண்டாம், சாவீட்டுக்கு நம்மூரில் அழைப்புக் கிடையாது.

அனர்த்த காலமும் அத்தகையதே. 2020 டிசம்பரில் புரெவி சூறாவளி நம் மாவட்டத்தின் வடகரையில்தான் தரை தட்டியது. வாடைக்காற்று தொடங்குமுன், எந்தச் சபை மண்டபத்தில் எத்தனை பேர் தங்கலாம், திறப்பு யாரிடம், பெரிய பானைகள் எங்கே, தனியே வசிக்கும் முதியவர்கள் யார் என்று நான்கு சபைகளின் மூப்பர்கள் ஒரு தாளில் எழுதி வைத்தால், அதன்மூலம் உண்டாகும் பழக்கம் பல கூட்டு ஆராதனைகளைவிட உறுதியாக நிற்கும். எந்தச் சமூகமும் பெரும்பான்மையாக இல்லாத நம் மாவட்டத்தில் முஸ்லிம், இந்து, பௌத்த அயலவருக்கும் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதையும், உதவியை மதமாற்றத்தோடு கலக்கமாட்டோம் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள்.

பணத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். போதகர்களிடையே கைமாற்றும் சீட்டும் வேண்டாம். ஒருவருக்கு உதவி தேவையானால் சபைகள் தங்கள் கணக்கிலிருந்து, மூப்பர்கள் அறிய, திரும்பக் கேட்காத கொடையாகக் கொடுக்கட்டும்.

உங்கள் மூப்பர்களின் பயத்தைக் கண்டிக்காதீர்கள். அவர்கள் ஆட்களை இழந்தவர்கள். சபை மாற்றம் பற்றிய உடன்படிக்கையை அவர்கள் முன்னிலையிலேயே வரைந்து, அவர்களுடைய கையொப்பத்தையும் பெறுங்கள். அதற்கு முன், பக்கத்துப் போதகரின் வீட்டுக்கு ஒரு மாலையில் தனியாகப் போங்கள். மூப்பர்களை அழைத்துச் சென்றால் அது விசாரணை ஆகிவிடும். அந்தக் குடும்பம் ஏன் வந்தது என்று கேட்காதீர்கள். அவர்கள் நலமா, பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்களுக்குக் கொடுக்காமல் விட்ட கடிதத்தை எழுதிக் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் முகம் கொடுக்காவிட்டால் வாக்குவாதம் செய்யாமல் எழுந்து வாருங்கள். நத்தாருக்கு முன் இன்னொரு முறை போங்கள். அவர் வாசலைத் திறந்து பேச முன்வந்தால், உடன்படிக்கையின் முதல் வரைவை அவரையே எழுதச் சொல்லுங்கள்.