டவுன் நோய்க்குறி: வாய்ப்பு மூத்த தாய்க்கு, எண்ணிக்கை இளைய தாய்மாரிடம் – ஏன்?

டவுன் நோய்க்குறி என்பது, உயிரணுக்களில் இரண்டாக இருக்க வேண்டிய 21ஆம் குரோமோசோம் மூன்றாக அமைந்துவிடும் பிறவி நிலையாகும். பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் 1959இல் இதை வெளியிட்டனர்.

ஒரு பெண்ணின் கருமுட்டைகள் அவள் பிறக்கும் முன்பே உருவாகி, பிரிதலைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பல்லாண்டுகள் காத்திருக்கின்றன. அதற்குள் குரோமோசோம்களைப் பிணைத்திருக்கும் புரதக் கட்டு மெல்லத் தளர்கிறது; அதனால் அவை சரிவரப் பிரியாமல், முட்டையில் ஒன்று கூடுதலாகத் தங்கிவிடலாம். செட்டிநாட்டு வீடுகளில் பெட்டகத்துக்குள் கிடக்கும் கழுத்திரு என்னும் திருமண நகையை நினைத்துப் பாருங்கள்: பொன் உருப்படிகள் அப்படியே இருக்க, அவற்றைக் கோத்த நூல்தான் இற்றுப்போகிறது. (கழுத்திருவுக்குப் புதுநூல் கோக்கலாம்; கருமுட்டைக்கு அந்த வசதி இல்லை.) ஆகவே, 25 வயதில் ஏறத்தாழ 1,250 பிறப்புகளுக்கு ஒன்றாக இருக்கும் வாய்ப்பு, 35இல் 350க்கு ஒன்றாகவும் 40இல் 100க்கு ஒன்றாகவும் உயர்கிறது.

அப்படியிருந்தும் டவுன் நோய்க்குறியுள்ள குழந்தைகளில் பலர் 35 வயதுக்கு உட்பட்ட தாய்மாருக்கே பிறப்பது, பிள்ளை பெறுவோரில் பெரும்பாலோர் அவ்வயதினர் என்பதால்தான். கணக்குக்காக, 25 வயதில் 10,000 பேரும் 40 வயதில் 400 பேரும் பெறுவதாகக் கொண்டால், முன்னவரிடம் இத்தகைய 8 குழந்தைகளும் பின்னவரிடம் 4 குழந்தைகளுமே இருக்கும். படிப்பு, வேலை என்று திருமணம் தள்ளிப்போகும் ஊரில், மொத்தப் பிறப்புகள் குறைந்தாலும் அவற்றில் இக்குழந்தைகளின் விகிதம் கூடும்.

கிரகணத்தில் வெளியே வந்ததுதான் காரணம் என்று ஆச்சிமார் சிலர் வருந்துவதுண்டு. பிழை பெரும்பாலும் கருத்தரிக்கும் முன்பே நேர்ந்துவிடுவதால், கர்ப்ப காலத்தில் தாய் உண்டதோ நடந்ததோ அதற்குக் காரணமன்று.