ரேடியோ நின்ற பிறகு

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கால்பந்து வீரர் பிராக் பர்டியைப் பற்றிய ஒரு காணொளி பார்த்தேன். 22 வயதில், தன்னைவிடப் பத்து வயது மூத்தவர்களை அதட்டாமல் நடத்திச் சென்றிருக்கிறார். எனக்கு 29. அலுவலகத்தில் என்னை டீம் லீடாகப் போட்டிருக்கிறார்கள். நான்கு பேர் என்னைவிட சீனியர். மீட்டிங்கில் எனக்குப் பேச்சே வருவதில்லை. தோனியைப் போல, இதெல்லாம் பிறவியிலேயே வருவதுதானே? பொறுப்பு வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தோனியை விட்டுவிடுவோம். சீனியர் நான்கு பேர் என்பதும் நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பெரிய விஷயமில்லை. ஆனால் 'பிறவியிலேயே' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. சில வாரங்களாகவே அந்தப் பையன் என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறான்.

பிறவியிலேயே இருந்திருந்தால் யார் கண்ணிலாவது பட்டிருக்க வேண்டாமா? 2022 ஏப்ரலில் அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகப் பொறுக்கி எடுத்தபோது, 262 பேரில் 262-வது ஆள் பர்டி. அந்தக் கடைசி ஆளுக்கு அங்கே 'மிஸ்டர் இர்ரெலவன்ட்' என்று பட்டமே உண்டு, கணக்கில் வராதவர் என்று. சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணியில் மூன்றாவது குவாட்டர்பேக், அதாவது ஆட்டத்தை நடத்திப் பந்தை எறிகிறவர்களில் மூன்றாம் ஆள். முன்னால் இருந்த இருவரும் அடிபட்டு விழுந்த பிறகு, டிசம்பரில் இறங்கினார். முதன்முதலாகத் தொடக்கத்திலிருந்தே ஆடிய ஆட்டத்தில், புகழ்பெற்ற குவாட்டர்பேக் டாம் பிரேடியின் டாம்பா பே அணியை 35-7 என்று தோற்கடித்தார்கள். வாய்ப்பு வந்தது அதிர்ஷ்டம், சரி. அப்புறம் நடந்தது?

குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் சின்ன ஸ்பீக்கர் ஒன்று உண்டு. அடுத்து ஆட வேண்டியதைப் பயிற்சியாளர் அதில் சொல்வார். கடிகாரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது அந்த ரேடியோ நின்றுவிடும். விதியே அப்படி. அதற்குப் பிறகு எதிரணி எப்படி நிற்கிறது, யார் பாயப் போகிறான், திட்டத்தை மாற்றணுமா என்பதெல்லாம் குவாட்டர்பேக்கின் பாடு. அதற்கு முன்பே, பயிற்சியாளர் கைல் ஷானஹான் சொன்ன நீளமான சங்கேத வாக்கியத்தை மற்ற பத்து பேருக்கும் பிசகாமல் திருப்பிச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு சொல் மாறினால் ஒருவன் தப்பான பக்கம் ஓடுவான். அதைக் கேட்க வீரர்கள் கூடி நிற்கும் வட்டத்தில், அதே அணியின் 34 வயது ட்ரென்ட் வில்லியம்ஸ் பர்டியின் முகத்தைப் பார்த்து நின்றது வீர உரை கேட்க அல்ல. தான் எந்தப் பக்கம் நகரணும் என்று தெரிந்துகொள்ள. அதைத் தெளிவாகச் சொல்கிறவன் பின்னால் மூத்தவர்கள் வருவார்கள், வயது கேட்க மாட்டார்கள்.

அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் ஆடிய ஆள் அவர். பிறகு பெஞ்சில் இருந்த மாதங்களிலும் ஆடப்போகிறவரைப் போலவே படித்திருக்கிறார். இல்லாவிட்டால் நடு ஆட்டத்தில் இறங்கி அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்க முடியாது.

நீங்கள் படித்தீர்களா? அந்த நான்கு பேர் இப்போது எதில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று தெரியுமா? உங்கள் கடிதத்தில் அவர்கள் சீனியர் என்பது இருக்கிறது, அவர்களுடைய வேலையைப் பற்றி ஒரு வரி இல்லை. தெரியாமல் போய் உட்கார்ந்தால் பேச்சு எப்படி வரும்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வயதில் நானும் ஒரு பொறுப்பை இப்படித்தான் வேண்டாம் என்றேன். இன்றுவரை வலிக்கிறது.

2023 ஜனவரி 29. கலிஃபோர்னியாவில் மகள் வீட்டில் இருந்தேன். ஃபிலடெல்ஃபியாவில் ஆட்டம், ஜெயித்தால் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல். தொடங்கிய சில நிமிடங்களிலேயே பர்டியின் வலது முழங்கைத் தசைநார் கிழிந்தது. மாற்று ஆளாக வந்த ஜோஷ் ஜான்சனுக்குத் தலையில் அடி. வேறு குவாட்டர்பேக் இல்லை. பர்டியே திரும்பி வந்தார். அவரால் தூரமாக எறிய முடியாது என்பது எதிரணிக்கும் தெரியும், அரங்கத்துக்கும் தெரியும். ஒவ்வொரு முறையும் வட்டத்தில் நின்று வாக்கியத்தை முழுசாகச் சொன்னார், பந்தை வாங்கினார், பெரும்பாலும் ஓடுகிறவன் கையில் கொடுத்தார். 31-7 என்று தோற்றார்கள். மார்ச்சில் அறுவைச் சிகிச்சை. செப்டம்பரில் முதல் ஆட்டத்திலேயே களத்தில் இருந்தார்.

அன்று தோல்வி உறுதியானதும் மகள் ரிமோட்டை எடுத்தாள். அணைக்காதே அம்மா, அவன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்றேன்.

அன்புடன்.