கதை சொல்வதால் ஒரு சமுதாயமும் அதன் எதிர்காலமும் மாறுமா? காவிரிக் கரையிலிருந்து ஒரு பதில்

மாறும். ஆனால் கதைகள் மனிதர்களை ஒன்றுசேர்க்கின்றன என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவதில் எனக்குத் திருப்தி இல்லை. ஒரே கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும்போது புதிதாக எதைச் சேர்க்கிறோம், எதை விட்டுவிடுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நான் மயிலாடுதுறைப் பக்கம் பிறந்து வளர்ந்தவன், அதனால் எங்கள் பக்கத்துக் கதைகளை வைத்தே சொல்கிறேன்.

நந்தனார் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சுந்தரர் அவரைப் பற்றிப் பாடியது ஒரே ஒரு வரி. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அதை விரித்தார்: கொள்ளிடக் கரையில் ஆதனூர், அங்கே ஒரு புலைப்பாடி (தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களின் சேரி), கோயில் பேரிகைக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்து வாழ்ந்த ஒருவர், தில்லைக்கு நாளைக்குப் போவேன் நாளைக்குப் போவேன் என்று ஏங்கிக்கொண்டே நாளைக் கழிக்கிறார். அவரைத் தடுப்பது தன் பிறப்பைப் பற்றிய எண்ணம். சேக்கிழாரிடம் அவ்வளவுதான், பண்ணையார் என்று யாரும் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில், நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் நரிமணத்தில் பிறந்த கோபாலகிருஷ்ண பாரதி இதைக் கதாகாலட்சேபத்துக்காக எழுதியபோதுதான் வேதியர் என்கிற நிலக்காரர் உள்ளே வருகிறார். நந்தன் அவருடைய பண்ணையாள். தில்லைக்குப் போக அவரிடம் உத்தரவு கேட்க வேண்டும். 40 வேலி நிலத்தையும் விளைவித்து அறுத்துப் போட்டுவிட்டுப் போ என்கிறார் அவர்.

எங்கள் அப்பாயி நடவுக்கும் அறுப்புக்கும் போனவர். இந்தக் கதையைச் சொல்லும்போது சிவன் அருளால் ஒரே ராத்திரியில் அத்தனையும் விளைந்து கிடந்த அதிசயத்தைச் சட்டென்று கடந்துவிடுவார். 40 வேலி என்ற இடத்தில்தான் நின்றுவிடுவார். "ஒரு வேலி அறுக்கவே எத்தனை ஆள் எறங்கணும் தெரியுமாடா?" என்று ஆரம்பித்து, கட்டுத் தூக்க எத்தனை பேர், களத்தில் அடிக்க எத்தனை பேர் என்று விரல் மடக்கிக் கணக்குப் போடுவார். ஒரு வேலி என்றால் ஆறரை ஏக்கருக்கு மேல், 40 வேலி என்றால் 250 ஏக்கரைத் தாண்டும். போகவே விடமாட்டேன் என்பதைத்தான் அந்த ஆள் அப்படிச் சொன்னார் என்பது அறுப்பு அறுத்தவர்களுக்கு உடனே புரிந்துவிடும்.

பிறப்புதான் தடை என்றால் யாரிடம் போய் நியாயம் கேட்பது? ஆண்டை தடுத்தார் என்று கதை மாறியதும் எதிரே ஒரு ஆள் நிற்பது தெரிகிறது. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது கதையால் அல்ல, சங்கம் கட்டி அடி வாங்கிப் போராடியவர்களால். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தன் வயலில் தான் படுவது அநியாயம் என்று ஒருவருக்குத் தோன்ற, அதை யாராவது எப்போதாவது அவர் காதில் போட்டிருக்க வேண்டும். இருந்தும் அந்தக் கதையின் முடிவு சின்ன வயதிலிருந்தே என்னை உறுத்துகிறது. சேக்கிழாரும் சரி, கோபாலகிருஷ்ண பாரதியும் சரி, நந்தனைத் தீயில் இறக்கி, பூணூலோடு வெளியே கொண்டுவந்த பிறகுதான் கோயிலுக்குள் விடுகிறார்கள். அவர் அவராகவே உள்ளே போன மாதிரி ஒரு கதை எங்கள் மண்ணில் அன்றைக்குச் சொல்லப்படவில்லை.

1968 டிசம்பர் 25 இரவு, கூலித் தகராறு முற்றி, நாகப்பட்டினம் பக்கத்துக் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒளிந்திருந்த விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். வசதியான நிலக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படியாக இல்லை என்ற ரீதியில் சொல்லி, உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. அதே நீதிமன்ற வளாகத்தில்தான் மனுநீதிச் சோழன் சிலை நிற்கிறது. கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட திருவாரூர்க் கதை உங்களுக்குத் தெரியும். ஆட்சியர் கிராமத்துக்கு வந்து மனு வாங்கும் நாளுக்கு இன்றும் மனுநீதி நாள் என்றுதான் பெயர். வெண்மணித் தீர்ப்பை எங்கள் ஊர்க்காரர்கள் அளந்தது சட்டப் புத்தகத்தை வைத்து இல்லை, மாடு மணி அடித்த அந்தக் கதையை வைத்துத்தான். வழக்கு முடிந்துபோனாலும் வருடா வருடம் டிசம்பர் 25 அன்று வெண்மணியில் கூடி நடந்ததைச் சொல்கிறார்கள். சொல்லாமல் விட்டிருந்தால் நாற்பத்து நாலு என்பது இந்நேரம் வெறும் எண்ணாகியிருக்கும்.

அடுத்து, விட்டுப்போனதைப் பற்றி. பூம்புகாரைக் கடல் கொண்டது என்ற கதை இல்லாத வீடு எங்கள் பக்கம் கிடையாது. மணிமேகலையில் அதற்குக் காரணம் இருக்கிறது: மகனைக் கடலில் தொலைத்த துக்கத்தில் நெடுமுடிக்கிள்ளி இந்திர விழா எடுக்க மறந்தான், மணிமேகலா தெய்வம் சபித்தது, ஊர் போனது. சாபம் இருக்கிறது, துக்கம் இருக்கிறது. தண்ணீர் எப்படி வந்தது, யார் எப்படிப் பிழைத்தார்கள் என்பது இல்லை. இந்தோனேசியாவில் சிமெலுவே என்று ஒரு தீவு. 1907இல் அங்கே ஆழிப்பேரலை வந்து ஏராளமானோர் செத்தார்கள். பிழைத்தவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தது மிக எளிமையானது: நிலம் பலமாக ஆடி, கடல் பின்வாங்கினால் எதையும் எடுக்க நிற்காதே, குன்றுக்கு ஓடு. 2004இல் நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த அந்தத் தீவில் 70,000 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள், இறந்தது 7 பேர். எங்கள் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000 பேருக்கு மேல் போனார்கள்.

இங்கே குன்றும் இல்லை, நிலம் ஆடியது பலருக்குத் தெரியவும் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான், சிமெலுவே கதை அப்படியே நமக்குப் பொருந்தாது. அதனால்தான் நம் கதையை நாமே சொல்ல வேண்டும் என்கிறேன். பூம்புகார்ப் பக்கத்துக் குப்பத்தில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா தன் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அழுகை நடுவே வரும், ஆனாலும் ஒன்றையும் விடமாட்டார். "மொத தண்ணி வடிஞ்சிடுச்சுன்னு வலையப் பாக்க எறங்குனவங்கதான் போனாங்க. நீ எறங்காத. ஆம்பளைங்க கூப்புட்டாலும் எறங்காத." எந்தச் சந்தில் ஓடினார், எந்தச் சந்து அடைத்துக்கொண்டது, யார் வீட்டு மாடி தாங்கியது எல்லாம் அதில் இருக்கும்.

2004க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது கல்லூரிக்குப் போகிறார்கள். டிசம்பர் 26 அன்று கடற்கரையில் மெழுகுவர்த்தி ஏற்றிப் பாலை ஊற்றுகிறோம், அது வேண்டும்தான். கூடவே அந்த அக்காவைப் போன்றவர்களை அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள், சொல்லி முடித்ததும் பிள்ளைகளை அதே சந்து வழியாகப் பாதுகாப்பு மையம் வரைக்கும் ஒருமுறை நடத்திக் கூட்டிப்போங்கள்.