உறைக்குள்ளே என்ன தட்டு?

இசைத்தட்டும் பதிவும் வாங்குவோர் எழுதிய இந்த வாரக் கடிதங்களில் பாதி ஆம்பியன்ட் இசை விவகாரம். தெரியாதவர்களுக்கு: தாளம் விரட்டாமல், அறையில் மெல்லப் பரவும் இசை.

கே: ஜப்பானிய இசைக்கலைஞர் ஹிரோஷி யோஷிமுராவின் 'க்ரீன்' (1986) தட்டு, முதல் பதிப்பு 28,000 ரூபாயாம். அபூர்வம் என்கிறார் விற்பவர். வாங்கலாமா? – செம்பூர்

ப: கேட்கவா, சுவரில் மாட்டவா? கேட்க என்றால் 2020-இல் மறுபதிப்பு வந்தாயிற்று. மாட்டத்தான் என்றால், லேபிளைச் சுற்றியுள்ள வழுவழு வளையத்தில் எண் இருக்கும். அதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, இசைத்தட்டுகளைப் பதிப்புவாரியாகப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் இணையதளத்தோடு ஒப்பிடுங்கள். படம் அனுப்பத் தயங்கினால் ஆளை விடுங்கள்.

கே: தட்டின் தரம் 'விஜி', அதாவது வெரி குட் என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். ஒரே பொரிச்சல். விற்றவர் திருப்பி எடுக்க மறுக்கிறார். – முலுண்ட்

ப: இது என் நெடுநாள் எரிச்சல். மின்ட், நியர் மின்ட், விஜி பிளஸ், அதற்கும் கீழேதான் விஜி. பெயரில்தான் வெரி குட். ஒலி மெலிந்த இடங்களில் இரைச்சல் கேட்கும் என்பதே அதன் பொருள். டிரம்ஸ் போட்டு அடிக்கிற தட்டில் அது அமுங்கிப் போகும். ஆம்பியன்ட்டில் ஒலி மெலிந்த இடம்தானே பாட்டே! ஒரு மணியோசை அடங்குவதற்குள் நாலு தடவை கடுகு தாளித்தால் யார் கேட்பது? நியர் மின்ட்டுக்குக் கீழே இந்த இசையை வாங்காதீர்கள். விற்றவர் பொய் சொல்லவில்லை, நீங்கள் விசாரிக்கவில்லை.

நான் மட்டும் யோக்கியமா? மும்பையின் பழைய சாமான் சந்தையான சோர் பஜார் மட்டன் ஸ்ட்ரீட்டில் அட்டையைப் பார்த்து மயங்கி 1,800 ரூபாய் கொடுத்தேன். மாட்டுங்கா வந்து உறையை உருவினால் குஜராத்தி பஜனை. மறுநாள் ஓடினேன். வெள்ளிக்கிழமை, கடை விடுமுறை. சனிக்கிழமை போனால் கடைக்காரருக்கு என்னை யாரென்றே தெரியவில்லை.

கே: பென் டிரைவில் 300 'அரிய' ஆல்பம், எல்லாம் ஒலித்தரம் குறையாத ஃபிளாக் கோப்பு என்றார்கள், 500 ரூபாய். ஒலி மந்தமாக இருக்கிறது. யாரிடம் புகார் செய்வது? – தாராவி

ப: திருட்டுச் சரக்குக்கு கேரண்டியா? எம்பி3-ஐ ஃபிளாக்காக மாற்றினால் கோப்புதான் பெருக்கும். போன ஒலி திரும்பாது.

கே: கவனிப்பாரற்ற நல்ல பதிவுகளை எப்படித் தேடுவது? – வாஷி

ப: பிடித்த தட்டின் பின்னட்டையில் உள்ள பெயர்களைப் பிடித்துப் போங்கள். இசை விற்கும் பேண்ட்கேம்ப் இணையதளத்தில் பெரும்பாலும் கேட்டுப் பார்த்தே வாங்கலாம். நியூயார்க் பூங்காவில் ஸிதர் என்ற தந்திக் கருவியை வாசித்துக்கொண்டிருந்த லராஜி, ஆம்பியன்ட் இசையின் முன்னோடி பிரையன் ஈனோ கண்ணில் பட்டார். 1980-இல் ஈனோ தயாரிப்பில் லராஜியின் தட்டு வந்தது. ஈனோவின் பெயரைத் தேடி வந்து லராஜியிடம் தங்கிவிட்டவன் நான்.

கே: ஜப்பானிய தாளவாத்தியக் கலைஞர் மிடோரி தகாடாவின் 1983 தட்டுக்காக நேற்று யுபிஐயில் 6,500 அனுப்பினேன். விற்றவர் என்னை பிளாக் செய்துவிட்டார். அப்பாவிடம் சொல்லவில்லை. – கல்லூரி மாணவி, சயான்

ப: அம்மா, இதில் உங்கள் குற்றம் எதுவுமில்லை. கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் சொன்னதை மற்றவர்களுக்காக எழுதுகிறேன்: உடனே இணையப் பண மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும். பணம் அந்தக் கணக்கைவிட்டு வெளியேறுவதற்குள் சொன்னால்தான் முடக்க வழியுண்டு. பரிவர்த்தனை எண், பேசிய உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். அப்பாவிடமும் சொல்லிவிடுங்கள். அவரும் எங்கேயாவது ஒரு பஜனைத் தட்டு வாங்கியிருப்பார்.

கே: சூட்கேஸ் ரெக்கார்ட் பிளேயர் போதுமா? – பாந்த்ரா

ப: போதாது.