சில சடங்குகளை விட்டுவிட்டு, எங்கள் விருப்பப்படி கல்யாணம் செய்யலாமா?

செய்யலாம். சடங்கு குறைத்த கல்யாணம் என்றால், உங்கள் இருவருக்கும் அர்த்தமுள்ள முறைகளை மட்டும் வைத்துக்கொள்வது. திருகோணமலையில் இதைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: விடுவதற்கு முன், அது எதற்காக வந்தது என்று பாருங்கள்.

பொன்னுருக்கை எடுத்துக்கொள்வோம். தாலிக்கான பொன்னை நல்ல நாள் பார்த்து, உறவினர் கண்முன்னே உருக்குவார்கள். தாலியைச் செய்து முடித்த நிலையில் நகைக்கடையில் வாங்குகிறவர்களுக்கு அந்தத் தேவை குறைவு. ஆனாலும் அம்மம்மா அந்த நாளுக்காகக் காத்திருக்கிறார் என்றால், தேத்தண்ணியும் பலகாரமுமாகச் சின்னதாக வைத்துவிடுங்கள். அவருடைய சந்தோசம் பெரிது. மண்டபம், வீடியோ எல்லாம் உங்கள் இஷ்டம். கோணேசர் கோயிலில் கும்பிட்டுவிட்டு, வீட்டு முற்றத்தில் தாலி கட்டி, ஐம்பது பேருக்குச் சோறு போட்டாலும் கல்யாணம்தான்.

கறித்தூள் மாதிரி நினையுங்கள். ஒரு வீட்டில் பெருஞ்சீரகம் கூடும், இன்னொரு வீட்டில் மிளகு கூடும். மிளகாயும் மல்லியும் இருந்தால் சரி.

அப்புறம், ஐயரும் அக்கினியும் இல்லாவிட்டால் கல்யாணம் சட்டப்படி செல்லாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, 18 வயது நிறைந்த இருவர் பதிவாளர் முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுத்தை முடித்தால், 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி அது செல்லும்.