யூனிட் போய்ச் சேரும், பாடம் கணக்கில் வருமா? கம்யூனிட்டி காலேஜ் டிரான்ஸ்ஃபர் கேள்வி பதில்

(சான் பிரான்சிஸ்கோ பே ஏரியா தமிழ்க் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகள், நியூ ஜெர்சியிலிருந்து வந்த ஒன்றும் சேர்த்து. கம்யூனிட்டி காலேஜ் என்பது இரண்டு வருட அரசுக் கல்லூரி; அங்கே ஆரம்பித்து நாலு வருடப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவதுதான் டிரான்ஸ்ஃபர். யூனிட் என்பது பாடத்தின் கிரெடிட் அளவு. யூசி, சிஎஸ்யூ இரண்டும் பல வளாகங்கள் கொண்ட அரசுப் பல்கலைக்கழக அமைப்புகள்: யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா, கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி. பதில் சொல்பவர் கலிஃபோர்னியாவில் டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கு வழிகாட்டும் பணியில் பல ஆண்டுகளாக இருப்பவர்.)

ஃப்ரீமாண்டிலிருந்து ஒரு அம்மா: மேடம், என் பையன் எடுத்த பாடம் எல்லாமே ‘யூசி டிரான்ஸ்ஃபரபிள்’ என்றுதான் கேட்டலாகில் போட்டிருக்கிறது. 62 யூனிட் முடித்துவிட்டான். கம்ப்யூட்டர் சயின்ஸ் போக வேண்டும். கவுன்சிலரைக் கேட்டால் இன்னும் ஒரு வருஷம் ஆகும் என்கிறார். சேர்ந்த அன்றைக்கே இதைச் சொல்லியிருக்க வேண்டாமா?

சொல்லியிருக்க வேண்டும்தான். ஆனால் அவர் இப்போது சொல்வதில் தப்பு இல்லை. ‘டிரான்ஸ்ஃபரபிள்’ என்றால் அந்தப் பாடத்துக்கு யூசி யூனிட் கொடுக்கும், அவ்வளவுதான். எந்தத் துறையானாலும் எல்லோரும் எடுக்க வேண்டிய பொதுக்கல்விப் பட்டியலில் அது ஓர் இடத்தை நிரப்புமா என்பது வேறு கேள்வி. உங்கள் பையனின் மேஜருக்கு, அதாவது முதன்மைத் துறைக்கு, முன்பாடமாக நிற்குமா என்பது மூன்றாவது கேள்வி. இந்த மூன்றுக்கும் மூன்று இடத்தில் பதில் தேட வேண்டும். முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் 60 யூனிட் தாண்டிய பிறகு என்னிடம் வருகிறார்கள்.

சினிமா ரசனை, சைக்காலஜி, சோஷியாலஜி எல்லாம் யூனிட் தரும். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு வேண்டியது கால்குலஸ் வரிசை, லீனியர் ஆல்ஜீப்ரா, டிஸ்க்ரீட் மேத், புரோகிராமிங், பல வளாகங்களில் பிசிக்ஸும்கூட. இவை ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்று சங்கிலியாக வருபவை. ஒரே டெர்மில் எல்லாவற்றையும் திணிக்க முடியாது. அந்த ஒரு வருஷம் அங்கேதான் போகிறது.

இன்று ராத்திரியே பையனை அசிஸ்ட் இணையதளத்தில் உட்கார வையுங்கள். கல்லூரி, போகவேண்டிய வளாகம், மேஜர் மூன்றையும் கொடுத்தால் ஒப்பந்தப் பட்டியல் வரும். இடப்பக்கம் பல்கலைக்கழகத்தின் பாடம், வலப்பக்கம் உங்கள் கல்லூரியில் அதற்கு ஈடான பாடம். வலப்பக்கம் சில வரிகளில் இரண்டு பாடங்களை ‘அண்ட்’ போட்டு இணைத்திருப்பார்கள். அங்கே ஒன்றை மட்டும் எடுத்தால் பாதி ஈடு கிடைக்காது, ஒன்றுமே கிடைக்காது. ‘ஈடான பாடம் இல்லை’ என்று வந்தால் பக்கத்துக் கல்லூரியின் பட்டியலையும் பாருங்கள். இரண்டு மூன்று வளாகங்களுக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பார்க்க வேண்டும். டேவிஸ் கேட்பதும் சான் டியேகோ கேட்பதும் ஒன்றல்ல.

கூப்பர்டினோ மாணவர்: அக்கா, டி ஆன்ஸாவில் மேத் 1ஏ, 1பி முடிச்சிட்டேன். வீடு மாறுவதால் அடுத்தது செமஸ்டர் காலேஜில் எடுக்கப் போறேன். மேத் கால்குலஸ் 2-ல் சேர்ந்தா போதுமா?

முடிந்தவரை மாறாதே தம்பி. டி ஆன்ஸா கல்லூரி குவார்ட்டர் முறை, வருஷத்தை மூன்று பருவமாகப் பிரிக்கும்; செமஸ்டர் என்றால் இரண்டு பருவம். அங்கே கால்குலஸ் 1ஏ முதல் 1டி வரை நாலு துண்டு. அதே விஷயத்தைச் செமஸ்டர் கல்லூரி மூன்று துண்டாக நடத்துகிறது. நீ இரண்டு துண்டு முடித்தது அங்கே முதல் துண்டும் இரண்டாவதில் ஒரு பகுதியும். கால்குலஸ் 2-ல் சேர்ந்தால் படித்ததையே கொஞ்சம் திரும்பப் படிப்பாய். கால்குலஸ் 3-க்குத் தாவினால் நடுவில் ஓட்டை விழும். ஒப்பந்தங்களும் பெரும்பாலும் முழு வரிசையை ஒரே கல்லூரியில் முடித்ததாக வைத்துத்தான் எழுதப்படுகின்றன. மேத், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மூன்றுக்கும் இதே கதை. வீடு மாறினாலும் 1சி, 1டி-யை ஆன்லைனிலாவது டி ஆன்ஸாவிலேயே எடுக்க முடியுமா என்று பார். ஆங்கிலம், வரலாறு போன்ற தனிப் பாடங்களை எங்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

யூனிட் கணக்குக்குக் குவார்ட்டரை மூன்றில் இரண்டால் பெருக்கு. 90 குவார்ட்டர் யூனிட் 60 செமஸ்டர் யூனிட். 4 குவார்ட்டர் யூனிட் பாடம் 2.67 ஆகக் குறைகிறதே என்று பலர் பதறுகிறார்கள். பொதுக்கல்விப் பட்டியலில் 4 குவார்ட்டர் யூனிட் பாடத்தை முழுப் பாடமாகவே ஏற்கிறார்கள்.

சான் ரமோன் அப்பா: பெரியவள் ஐஜெட்ஸி முடித்துப் போனாள். சின்னவனுக்கு கால்-ஜிடெக் என்கிறார்கள். பேர் மட்டும்தான் மாறியிருக்கிறதா?

இரண்டும் பொதுக்கல்விப் பட்டியலின் பெயர்கள்தான், ஆனால் உள்ளடக்கமும் மாறியிருக்கிறது. முன்பு யூசிக்கும் சிஎஸ்யூவுக்கும் தனித்தனி வழிகள் இருந்தன. 2021-இல் வந்த ஏபி 928 (இந்த ‘ஏபி’ மாநிலச் சட்டமன்ற மசோதாவின் சுருக்கம், ஏபி தேர்வு வேறு) சட்டப்படி 2025 இலையுதிர் பருவத்திலிருந்து புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரே பட்டியல்தான், 11 பாடம், 34 செமஸ்டர் யூனிட். பெரியவள் யூசிக்கு மட்டும் போயிருந்தால் மேடைப்பேச்சுப் பாடத்தைத் தவிர்த்திருக்கலாம். சின்னவன் தவிர்க்க முடியாது. எல்லாப் பாடத்திலும் ‘சி’யாவது வேண்டும், ‘சி மைனஸ்’ செல்லாது. அவளுடைய பழைய தாளை வைத்து அவனுக்குத் திட்டம் போடாதீர்கள்.

இன்னொன்று. ஏபி 1111 என்ற சட்டப்படி எல்லாக் கம்யூனிட்டி காலேஜிலும் ஒரே பாடத்துக்கு ஒரே எண் கொண்டுவருகிறார்கள். கல்லூரிக்குக் கல்லூரி வேறு வேறு எண்ணில் இருந்த முதல் ஆங்கிலக் கட்டுரைப் பாடம் இப்போது எங்கும் ஆங்கிலம் சி1000. நல்ல காரியம், என்னைக் கேட்டால் முப்பது வருஷம் தாமதம். மாற்றம் பாடம் பாடமாகத்தான் வருகிறது. அதுவரை பழைய எண், புது எண் இரண்டையும் குறித்து வையுங்கள்.

மில்பிடாஸ் மாணவி: டாக் போட்டா அட்மிஷன் உறுதின்னு சொல்றாங்க. பெர்க்லிக்குப் போடலாமா?

முடியாது. டாக் என்பது ‘டிரான்ஸ்ஃபர் அட்மிஷன் கேரண்டி’, நிபந்தனைகளை முடித்தால் இடம் உறுதி என்று யூசி வளாகம் தரும் ஏற்பாடு. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ மூன்றும் அதைத் தருவதில்லை. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா க்ரூஸ் ஆறும் தருகின்றன. அவற்றிலும் ஒன்றுக்குத்தான் போடலாம். செப்டம்பர் 1 முதல் 30 வரை, அந்த ஒரு மாதம்தான். டாக் போட்டுவிட்டு வழக்கமான யூசி விண்ணப்பத்தை மறந்தவர்களும் உண்டு. அதைத் தனியாக அனுப்பாவிட்டால் டாக் செல்லாக்காசு.

‘உறுதி’ என்பதை மேஜரோடு சேர்த்துப் படிக்க வேண்டும். சாண்டா பார்பராவில் பொறியியல் கல்லூரிக்கு டாக் கிடையாது, கம்ப்யூட்டர் சயின்ஸ் அதற்குள்தான் இருக்கிறது. நம் பிள்ளைகள் கூட்டமாகப் போகும் துறைகளில்தான் இந்தக் கதவு பல இடத்தில் மூடியிருக்கிறது. பெர்க்லிக்கு ஆசைப்படு, விண்ணப்பம் போடு. டாக்கை வேறு நல்ல இடத்துக்கு வைத்துக்கொள்.

அதே மாணவி: அப்போ சிஎஸ்யூவுக்கு அந்த டிரான்ஸ்ஃபர் டிகிரி?

ஏடிடி என்பார்கள், டிரான்ஸ்ஃபருக்காகக் கம்யூனிட்டி காலேஜ் தரும் அசோசியேட் பட்டம். 2010-இல் வந்த எஸ்பி 1440 சட்டம் உண்டாக்கியது. அதை முடித்தால் சிஎஸ்யூ அமைப்பில் ஓர் இடம் உறுதி. நீ கேட்கும் வளாகத்தில் என்று அர்த்தமில்லை. சான் ஹோசே ஸ்டேட்டில் நெரிசல் அதிகம், அங்கே ஏடிடி கொஞ்சம் கைகொடுக்கும், அதற்கு மேல் இல்லை. அதன் நிஜமான பலன் போய்ச் சேர்ந்த பிறகுதான். பொருந்தும் மேஜராக இருந்தால் இன்னும் 60 யூனிட்டில் பட்டம் முடித்துவிடலாம். இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை.

டப்ளினிலிருந்து ஒருவர்: 70 யூனிட்டுக்கு மேல் போனால் யூசி நிராகரித்துவிடும் என்று வாட்ஸாப்பில் வந்தது.

கம்யூனிட்டி காலேஜில் மட்டும் படித்தவருக்கு அந்தப் பயம் வேண்டாம். 70 செமஸ்டர் யூனிட்டுக்கு மேல் யூனிட் சேராது. ஆனால் அதற்கு மேல் எடுத்த பாடங்களும் பாடமாகக் கணக்கில் நிற்கும். பள்ளியில் எழுதிய ஏபி (அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட்) தேர்வு யூனிட்டுகளாலும் ஆபத்தில்லை. நாலு வருடப் பல்கலைக்கழகத்திலும் படித்து மொத்தம் 80-ஐத் தாண்டியவர்கள்தான் கவலைப்பட வேண்டும். அடுத்த கேள்விக்காரருக்கு அது பொருந்தலாம்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த மாணவி: அங்கே இன்ஜினியரிங் இரண்டு வருஷம் முடித்துவிட்டு, கிரீன் கார்டு வந்ததால் இங்கே வந்தேன் மேடம். அந்தக் கிரெடிட் எல்லாம் வீணா? சொல்லாமலே புதிதாக ஆரம்பிக்கலாம் என்கிறார் மாமா.

மாமா சொன்னதை மட்டும் செய்யாதீர்கள். யூசி விண்ணப்பத்தில், நாடு எதுவானாலும், படித்த ஒவ்வொரு கல்லூரியையும் காட்ட வேண்டும். மறைத்தது பின்னால் தெரிந்தால் அட்மிஷனையே ரத்து செய்யலாம்.

கிரெடிட் முழுக்க வீணாகாது, முழுக்க வரவும் வராது. அசிஸ்ட் கலிஃபோர்னியாவின் அரசுக் கல்லூரிகளுக்கு மட்டும்தான், கோவைப் பாடம் அதில் இருக்காது. இந்தியப் பாடங்களை யூசி தானே மதிப்பிட்டுக்கொள்ளும். கம்யூனிட்டி காலேஜ்களோ பெரும்பாலும் வெளி நிறுவனத்தின் மதிப்பீட்டு அறிக்கை கேட்கும். அதில் பாடவாரியாக எழுதும் வகையை வாங்குங்கள். மொத்தமாக ‘இரண்டு வருடப் படிப்புக்குச் சமம்’ என்று ஒரு வரி எழுதித் தருவது உங்களுக்கு உதவாது. பொதுக்கல்விப் பட்டியலில் வெளிநாட்டுப் பாடங்களைப் பொதுவாகச் சேர்க்க மாட்டார்கள், அதனால் ஆங்கிலம், மேடைப்பேச்சு, எத்னிக் ஸ்டடீஸ் எல்லாம் இங்கே எடுக்க வேண்டிவரும். மேத், பிசிக்ஸில் துறை ஒப்புக்கொண்டால் சில பாடங்கள் மிஞ்சும். ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் புத்தகப் பட்டியலோடு கல்லூரி முத்திரை வைத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் தமிழ் மீடியமா? ஆறாம் வகுப்பிலோ அதற்கு மேலோ இரண்டு வருஷமாவது ஆங்கிலமல்லாத மொழியில் படித்திருந்தால், சில வளாகங்கள் கேட்கும் வேற்றுமொழித் தேவை அதிலேயே தீர்ந்துவிடும். மதிப்பெண் சான்றிதழைத் தேடி எடுங்கள்.

பத்தாம் வகுப்புப் பையனின் அப்பா: இப்போதே கம்யூனிட்டி காலேஜில் இரண்டு பாடம் எடுக்கச் சொல்லலாமா? ஃப்ரெஷ்மன் (முதலாண்டு மாணவராக விண்ணப்பிக்கும்) தகுதி போய்விடுமா?

போகாது. ஹைஸ்கூல் முடிப்பதற்குள்ளும் முடித்த உடனே வரும் கோடையிலும் எடுத்தவை அவனை டிரான்ஸ்ஃபர் மாணவனாக்காது. ஆனால் அது நிஜமான கல்லூரி டிரான்ஸ்கிரிப்ட், மதிப்பெண் பதிவு. பதினைந்து வயதில் வாங்கிய ‘டி’ மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பம் வரை கூடவே வரும். பிடித்த பாடம் ஒன்றோடு ஆரம்பிக்கட்டும்.

நியூ ஜெர்சி எடிசனிலிருந்து: இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?

இந்தப் பெயர்கள் எதுவும் பொருந்தாது. உங்களுக்கு என்ஜே டிரான்ஸ்ஃபர் இணையதளம் இருக்கிறது. ஏஏ அல்லது ஏஎஸ் என்ற இரண்டு வருட அசோசியேட் பட்டத்தை முழுதாக முடித்துவிட்டு மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போனால் முதல் இரண்டு வருடக் கிரெடிட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. பாதியில் மாறினால் ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். ஏஏஎஸ் என்று ஓர் எழுத்து கூடுதலாக இருக்கும் பட்டம் இதில் சேராது.

சான்டா கிளாரா மாணவர்: ஏபி கால்குலஸ் பிசியில் 5 வாங்கினேன். காலேஜ் டிரான்ஸ்கிரிப்டிலேயே ஏறிவிட்டது. போதும்தானே?

போதாது. ஏபி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டிலிருந்து ஸ்கோரை யூசிக்கு நேரடியாக அனுப்ப வேண்டும். கல்லூரி கொடுத்த கிரெடிட்டைப் பார்த்து யூசி கொடுக்காது. மேஜர் முன்பாடமாக அந்த 5 எந்தப் பாடத்துக்கு ஈடு என்பதை வளாகத்தின் ஏபி பட்டியலில் பாருங்கள். அட்மிஷன் கிடைத்த பிறகு ஜூலை 1-க்குள் எல்லாக் கல்லூரிகளின் இறுதி டிரான்ஸ்கிரிப்டும் போய்ச் சேர வேண்டும், கோடையில் ஒரே ஒரு பாடம் எடுத்த கல்லூரி உட்பட. ஜூனில் ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் கூட்டம் நெரியும், கிரேடு ஏறியதும் அன்றைக்கே ஆர்டர் கொடுத்துவிடுங்கள்.